பைதான் நிரல்மொழியில் படங்களைக் கையாள உதவும் பில்லோ (Pillow) நிரல் தொகுப்பில் கிராப் செய்யும்போது கொடுக்கும் நான்கு எண்கள் எதைக் குறிக்கின்றன?

கிராப் என்றால் படத்திலிருந்து ஒரு செவ்வகத்தை மட்டும் வெட்டி எடுப்பது. அந்தச் செவ்வகம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைத்தான் நான்கு எண்களும் சொல்கின்றன: இடது, மேல், வலது, கீழ். எல்லாமே பிக்சல் கணக்கு.

பலர் தடுமாறுவது கடைசி இரண்டில். அவை அகலமும் உயரமும் அல்ல, செவ்வகம் முடியும் இடங்கள். (100, 50, 400, 250) என்று கொடுத்தால் 300 பிக்சல் அகலமும் 200 பிக்சல் உயரமும் உள்ள படம் வரும். அதே அளவை எதிர்பார்த்து (100, 50, 300, 200) என்று எழுதினால் கிடைப்பது 200-க்கு 150தான். பிழைச் செய்தி எதுவும் வராது. அதனால்தான் இந்தத் தவறைக் கண்டுபிடிக்க நேரமாகிறது.

சரி, கீழே போகப் போக எண் ஏன் கூடுகிறது? பள்ளியில் போட்ட வரைபடத்தில் மேலே போனால்தானே கூடும்? பிக்சல்கள் வரிசை வரிசையாக, மேல் இடது மூலையிலிருந்து எண்ணப்படுகின்றன. புத்தகப் பக்கத்தில் முதல் வரி மேலே, அடுத்தது அதற்குக் கீழே இருப்பது போலத்தான். பழைய டிவிகளின் குழாய்த் திரைகளும் இதே வரிசையில்தான் படத்தை வரைந்தன.

படங்களைக் கையாளும் இன்னொரு நிரல் தொகுப்பான ஓப்பன்சிவிக்கு (OpenCV) மாறினால் கவனம்: அங்கே வெட்டும்போது மேல்-கீழ் முதலில், இடது-வலது அப்புறம்.

கிராப் செய்ததும் மூலப் படமே சுருங்கிவிடும் என்று நினைக்க வேண்டாம். பில்லோ புதிய படத்தைத்தான் திருப்பித் தருகிறது, அதை ஒரு மாறியில் வாங்கிச் சேமிக்காவிட்டால் வெட்டியது வீண்.