கரண்ட் படித்த பெண் கம்ப்யூட்டர் பக்கம் போகலாமா?

வணக்கம் ஐயா. ட்ரிபிள்-ஈ (மின், மின்னணுப் பொறியியல்) மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள், மின்சார வண்டி (இ.வி.) சார்ஜர்களின் சைபர் பாதுகாப்புக்குத்தான் போவேன் என்கிறாள், கட்டிய ஃபீஸ் வீணாகிவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் துணைமின் நிலையத்துக்காரர் என்பதால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

கன்ட்ரோல் ரூமில் தினமும் ஃபிரீக்வன்சி மீட்டரைப் பார்க்கிறீர்கள். 49.90 ஹெர்ட்ஸுக்கும் 50.05 ஹெர்ட்ஸுக்கும் நடுவில் நிற்க வேண்டிய எண். வீட்டுக் கார் சார்ஜர் ஒன்று சுமார் 7 கிலோவாட் இழுக்கும். பத்தாயிரம் சார்ஜர் ஒரே நொடியில் அணைந்தால் 70 மெகாவாட் லோடு போச்சு, அந்த எண் மேலே ஏறப் பார்க்கும். நம் கிரிடுக்கு (நாட்டின் மின் வலையமைப்புக்கு) இன்று அது கொசுக்கடி. லட்சக்கணக்கில் பெருகிய பிறகு? சார்ஜர்களுக்கு உத்தரவு போவது கம்பெனி சர்வரிலிருந்து. அந்த ஒரு சர்வர் திருடன் கையில் சிக்கினால் அத்தனை சார்ஜரும் அவன் சொல்படி கேட்கும்.

பிரிட்டன் 2021-இல் போட்ட விதி ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஸ்மார்ட் சார்ஜர் உத்தரவு வந்தவுடன் இயங்கக் கூடாது. ஒவ்வொன்றும் தானாக ஏதோ ஒரு நேரம், 10 நிமிடம் வரை, பொறுத்துத்தான் இயங்க வேண்டும். இப்படி யோசிக்க வெறும் கோடிங் போதாது, லோடு மொத்தமாக ஏறி இறங்கினால் என்ன ஆகும் என்று தெரிந்திருக்க வேண்டும். அது உங்கள் மகள் படிக்கும் பாடம்தான்.

இதெல்லாம் வெறும் கற்பனையும் இல்லை. 2022-இல் ரஷ்யாவின் எம்-11 நெடுஞ்சாலையில் சார்ஜர்கள் வேலை செய்யாமல், திரையில் அதிபரைத் திட்டும் வாசகம் ஓடியது. பாகம் சப்ளை செய்த உக்ரைன் கம்பெனி உள்ளே நுழைய வழி வைத்திருந்ததாக சார்ஜர் நிறுவனம் சொன்னது.

வேலை? 'இ.வி. செக்யூரிட்டி' என்ற பெயரிலேயே ஃப்ரெஷருக்கு வேலை கிடைப்பது அபூர்வம். முதலில் சார்ஜர் கம்பெனியில் டெஸ்டிங்கில் நுழையட்டும். பொறியியல் படித்தவர்கள் எழுதும் கேட் தேர்வையும் விட வேண்டாம், மத்திய அரசின் மின்கடத்தல் நிறுவனமான பவர்கிரிட் அதை வைத்துத்தான் இன்ஜினியர் ட்ரெய்னி ஆள் எடுக்கிறது. லட்ச ரூபாய் 'ஹேக்கிங்' கோர்ஸுக்கு மட்டும் பணம் கட்டாதீர்கள். நெட்வொர்க்கிங், லினக்ஸ், பைதான் மூன்றும் இலவசமாகவே படிக்கலாம். சார்ஜரும் சர்வரும் பேசிக்கொள்ளும் ஓ.சி.பி.பி. மொழிக்கு லேப்டாப்பிலேயே ஓடும் சிமுலேட்டர்கள் உண்டு. ரோட்டோர சார்ஜரை 'சும்மா' நோண்டிப் பார்க்கவே கூடாது, ஐ.டி. சட்டம் 66-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை.

செமஸ்டர் லீவில், மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி அவளை ஒருநாள் உங்கள் கன்ட்ரோல் ரூமுக்குக் கூட்டிப் போங்கள். கோளாறு வந்தால் லைனைத் துண்டிக்கும் ரிலே பேனலைக் காட்டுங்கள்.