இந்தோனேசியாவில் ஒரு சிறு தீவுக் கிராமத்தில் நிலம் வாங்கிக் குடியேற முடியுமா? அங்கே அன்றாட வாழ்க்கையும் போக்குவரத்தும் எப்படி?

வாழ முடியும். நிலம் வாங்க முடியாது. குறுக்கு வழியில் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னாலும் தயவுசெய்து வாங்காதீர்கள்.

திருப்பூரிலிருந்து ஜாவாவின் வடகரையில் இருக்கும் ஜெபாராவுக்கு, ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலைக்குப் போனவன் நான். ஜெபாராவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் கடலுக்குள் கரிமுன்ஜாவா தீவுக்கூட்டம் இருக்கிறது. மொத்தம் 27 தீவுகள், ஆள் குடியிருப்பது ஐந்தில். விடுமுறை கிடைத்தபோதெல்லாம் அங்கே போய்வந்தேன். வேலை ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்பாமல், 2022 அக்டோபரில் வருகை விசா எடுத்துக்கொண்டு, கெமுஜான் என்ற தீவில் ஒரு மீனவக் குடும்பத்தின் பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்து ஆறு மாதம் வாழ்ந்தேன். நான் சொல்வது அந்த ஓர் ஊரைப் பற்றி மட்டும். பாலியையோ சும்பாவையோ மனதில் வைத்துக் கேட்டிருந்தால் பழக்கவழக்கங்கள் மாறும். நிலச் சட்டம் மாறாது.

முதலில் போக்குவரத்து. மற்ற எல்லாமே அதைப் பொறுத்துத்தான். ஜெபாராவின் கார்த்தினி துறைமுகத்திலிருந்து வேகப் படகில் இரண்டு மணி நேரம். லாரியும் மாடும் ஏற்றிப் போகும் சிகின்ஜாய் ஃபெரியில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். இரண்டுமே தினமும் கிடையாது. கரிமுன்ஜாவாத் தீவையும் கெமுஜானையும் சதுப்புக்காட்டு நீரோடையின் மேல் ஒரு சிறு பாலம் இணைக்கிறது. பஸ் கிடையாது, ஸ்கூட்டர்தான். பெட்ரோலைப் பாட்டிலில் ஊற்றிச் சாலையோரக் கடைகளில் அடுக்கி வைத்திருப்பார்கள்.

இது நல்ல பருவத்தின் கணக்கு. டிசம்பரில் மேற்குக் காற்று திரும்பியதும் கணக்கு வேறாகிவிடும். இந்தப் பருவத்தை அங்கே 'பாரத்தான்' என்கிறார்கள். ஏறக்குறைய பிப்ரவரி முடியும்வரை, எந்த நாள் கப்பல் வரும், எந்த நாள் வராது என்று யாராலும் சொல்ல முடியாது. அலை உயரம் பற்றி வானிலைத் துறையின் எச்சரிக்கை வந்ததும் துறைமுக அதிகாரி பயண அனுமதியை நிறுத்திவிடுவார். அவரைத்தான் 'ஷாபந்தர்' என்பார்கள். அவர் நிறுத்தினால் நிறுத்தியதுதான், மேல்முறையீடு கிடையாது. 2022 டிசம்பர் கடைசியில் நூற்றுக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் தீவிலேயே சிக்கிக்கொண்டார்கள். அரசின் பெரிய பயணிக் கப்பலான கெலிமுத்து வந்துதான் அவர்களை அழைத்துப் போனது. விடுமுறைக்கு வந்தவர்களுக்கு அது ஒரு வாரச் சங்கடம். ஊருக்கு அது ஒவ்வோர் ஆண்டும் வரும் பருவம்.

அந்த நாட்களில் எங்கள் தெருக் கடையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதலில் தீர்ந்தது முட்டை. அடுத்து தக்காளி, வெங்காயம். பிறகு அங்கே 'மெலன்' என்று அழைக்கும் மூன்று கிலோ பச்சை எரிவாயு சிலிண்டர். எட்டாம் நாள் நான் போனபோது அலமாரியில் சோப்பும் உப்பும் கொசுவர்த்தியும்தான் இருந்தன. கடைக்காரப் பெண்மணி தராசைத் துடைத்துக்கொண்டே, "உங்கள் வீட்டில் விறகு இருக்கிறதா, மாஸ்?" என்று கேட்டார். மாஸ் என்றால் அண்ணன். விறகு இல்லை என்றேன். மாலையில் அவர் மகன் ஒரு கட்டு காய்ந்த தென்னம்பாளையைக் கொண்டுவந்து திண்ணையில் போட்டுவிட்டுப் போனான்.

அதே வாரம் பக்கத்து வீடுகளிலிருந்து மரவள்ளிக் கிழங்கும் அதன் கொழுந்து இலையும் வந்தன. முருங்கைக் கீரை வந்தது. அங்கே அதற்குப் பெயர் 'கெலோர்'. காற்றுக்கு முன்பே உப்பிட்டு உலர்த்தி வைத்த சூரைக் கருவாடும் வந்தது. படகுகளையெல்லாம் கரையேற்றிவிட்டு ஆண்கள் வலை பின்னினார்கள், கூரை மாற்றினார்கள். பதினோராம் நாள் ஃபெரி வந்தபோது ஊரே துறையில் நின்றது. கோழித் தீவனம், மெத்தை, அட்டை அட்டையாக முட்டை, கரையில் அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் ஒரு பெரியவர் என்று எல்லாம் ஒரே பாலத்தில் இறங்கின.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நிலம் பற்றிய உங்கள் கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது அந்தப் பதினொரு நாட்களில்தான்.

நான் குடியிருந்த வீட்டின் பின்னால் கடலோரமாகப் பத்து சென்ட் போல ஒரு துண்டு நிலம். பதினான்கு தென்னை, நடுவே மரவள்ளி, ஒரு கிணறு. வீட்டுக்காரப் பாட்டிக்குச் சொந்தம். அவரை எல்லோரும் ம்பா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. மகனின் படகுக்குப் புது இன்ஜின் வேண்டும், அதற்காக நிலத்தை விற்கலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். செய்தி எப்படியோ ஒரு தரகர் காதுக்குப் போய், அவர் நேராக என்னிடம் வந்துவிட்டார். "உங்கள் பெயரில் எழுத முடியாது, ஆனால் உள்ளூர் நண்பர் ஒருவர் பெயரில் எழுதலாம்" என்றார். நண்பருக்கு நான் கடன் கொடுத்ததாக ஒரு பத்திரம், எனக்கு முழு அதிகாரம் தரும் ஒரு பவர், நீண்ட காலக் குத்தகை ஒன்று, நிலம் உண்மையில் என்னுடையதுதான் என்று ஓர் உறுதிமொழி. நான்கு தாளும் சேர்ந்தால் நிலம் என்னுடையது போலத்தான் என்று விளக்கினார். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் பச்சையான பினாமி. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசை வந்தது. மூன்று இரவு அந்தத் தென்னைகளுக்கு அடியில் வீடு எந்தத் திசை பார்த்து நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டேன்.

சட்டம் இதுதான். இந்தோனேசியாவின் 1960ஆம் ஆண்டு அடிப்படை நிலச் சட்டப்படி 'ஹாக் மிலிக்' எனும் முழு உரிமை அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே. வெளிநாட்டவருக்கு அதைக் கைமாற்றும் நோக்கத்தில், நேராகவோ மறைமுகமாகவோ, செய்யும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்கிறது 26ஆவது பிரிவு. செல்லாது என்றால் நிலம் விற்றவருக்குத் திரும்பாது, அரசுக்குப் போய்விடும்; கொடுத்த பணத்தையும் திருப்பிக் கேட்க முடியாது. தரகரின் நான்கு தாளும் நீதிமன்றத்தில் உங்களைக் காப்பாற்றாது, உங்கள் நோக்கத்துக்குச் சாட்சியாகத்தான் நிற்கும். பெயர் கொடுத்த நண்பர் நல்லவராகவே இருக்கட்டும், நாளை அவர் இறந்தால் அவர் பிள்ளைகளிடம் என்ன சொல்வீர்கள்?

இந்தோனேசியரை மணந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. சொத்தைப் பிரித்து வைக்கும் திருமண ஒப்பந்தம் இல்லையென்றால், மணத்துக்குப் பின் வாங்கும் நிலம் பொதுச் சொத்தாகி, உங்கள் துணைவரின் உரிமைக்கே சிக்கல் வரும். வெளிநாட்டவர் நேர்மையாகப் பெறக்கூடியவை இரண்டு. ஒன்று, தங்கும் அனுமதி உள்ளவர்களுக்கு 'ஹாக் பாக்காய்' எனும் பயன்பாட்டு உரிமை. முதலில் 30 ஆண்டு, பிறகு 20, அதன் பிறகு இன்னும் 30 என்று நீளக்கூடியது. மற்றது, சாதாரண வாடகை அல்லது குத்தகை.

கடற்கரை நிலத்தில் இன்னொரு முடிச்சும் உண்டு. உயர் அலைக் கோட்டிலிருந்து குறைந்தது 100 மீட்டர் கரைப் பாதுகாப்புப் பகுதி என்று 2016ஆம் ஆண்டு அதிபர் ஆணை வரையறுக்கிறது. ம்பாவின் பதினான்கு தென்னைகளில் பாதிக்கு மேல் அந்தக் கோட்டுக்குள் நின்றன. தரகர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. போதாததற்கு இந்தத் தீவுக்கூட்டத்தின் பெரும்பகுதி ஒரு தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. எந்த நிலம் ஊருக்கு, எந்த நிலம் பூங்காவுக்கு என்று வரைபடத்தை விரித்துப் பார்க்காமல் ஒரு கல் நடக்கூடாது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் எனக்கு ஆசை முழுதாக விடவில்லை. கிராம அலுவலகத்துக்குப் போனேன். ஜாவாவில் சான்றிதழ் பெறாத பழைய நிலங்களுக்கு 'லெட்டர் சி' என்று ஒரு பதிவேடு உண்டு, நம் அடங்கல் போன்றது. எழுத்தர் நீளமான ஒரு புத்தகத்தைத் தூசி தட்டி மேசையில் வைத்தார். மை பழுப்பேறி, ஓரம் கரையான் தின்ற பக்கம். அதில் இருந்த பெயர் ம்பாவுடையது இல்லை. அவருடைய இறந்துபோன கணவரின் தந்தை பெயர். பாகப்பிரிவினை நடக்கவே இல்லை. வாரிசுகள் ஐந்து பேர், இரண்டு பேர் கடலுக்கு அப்பால் போர்னியோத் தீவின் கலிமந்தானில். எழுத்தர் அந்த வரியின் மேல் விரலை வைத்தபடி என் முகத்தைப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை.

ம்பாவிடம் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னேன். திண்ணையில் மரவள்ளித் தோலைச் சீவிக்கொண்டிருந்தார். "நாக், நீ இங்கே எத்தனை வருடம் இருப்பாய்?" என்று கேட்டார். நாக் என்றால் பிள்ளையே என்று அர்த்தம். என் விசாவுக்கு அதிகபட்சம் 180 நாள். அதற்கு மேல் தங்கினால் நாள் ஒன்றுக்குப் பத்து லட்சம் ருப்பியா அபராதம். பதில் சொல்ல முடியாமல் நின்றேன். கடைசியில் இரண்டு ஆண்டு வீட்டு வாடகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டேன். இன்ஜின் வந்தது, நிலம் அங்கேயே இருக்கிறது. என் வாழ்க்கையில் நான் செய்த மிக நல்ல நிலப் பேரம் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

விற்றவர்களும் உண்டு. கெமுஜான் கரையில் பல துண்டுகள் வெளியாட்கள் கைக்குப் போய் வன்னாமெய் இறால் குட்டைகளாயின. இறால் பண்ணைக் கழிவு என்ன செய்யும் என்று கடலோரத் தமிழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கடல்பாசி வளர்த்த குடும்பங்களின் கயிறுகளில் பாசி அழுகியது, பவளப் பாறைகள் மேல் சேறு படிந்தது. எதிர்த்து எழுதிய சூழலியல் ஆர்வலர் ஒருவருக்கு 2024இல் சிறைத் தண்டனை விதித்தார்கள், மேல்முறையீட்டில் விடுதலையானார். விற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கும் ஏதோ ஓர் இன்ஜின் தேவைப்பட்டிருக்கும். ஆனால் கப்பல் வராத பதினொரு நாளில் ஓர் ஊர் எதைத் தின்று வாழ்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தவன், அந்த மரவள்ளிக் கொல்லையை விடுதி கட்டும் மனையாக நினைக்க மாட்டான்.

அன்றாட வாழ்க்கை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 24 மணி நேர மின்சாரம் 2016இல்தான் வந்தது. அதற்கு முன் டீசல் ஜெனரேட்டர் ஓடும் இரவு நேரம் மட்டும். பணத்தை ரொக்கமாக எடுத்துப் போங்கள். சுகாதார நிலையம் உண்டு, பெரிய சிகிச்சைக்குக் கடல் தாண்ட வேண்டும். எங்கள் தெருவில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணை மேற்குக் காற்று தொடங்கும் முன்பே ஜெபாராவில் உறவினர் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள்.

மக்கள் ஜாவானியர், மதுராக்காரர்கள், பூகிஸ்கள். பத்து லாவாங் பகுதியில் பூகிஸ்களின் மரத்தூண் வீடுகள் தரையிலிருந்து உயர்ந்து நிற்கும். வீட்டுக்கு ஒரு மொழி, தெருவுக்கு இந்தோனேசிய மொழி. அதைக் கொஞ்சமாவது கற்றுக்கொண்டு போங்கள், மூன்று மாதத்தில் பிடிபட்டுவிடும். போய் இறங்கிய 24 மணி நேரத்துக்குள் 'ஆர்.டி.' எனப்படும் தெருத் தலைவரிடம் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். பக்கத்து வீட்டில் கல்யாணம் என்றால் அழைப்புக்குக் காத்திருக்காமல் முதல் நாளே சமையலுக்குப் போய்விட வேண்டும், இதற்கு 'ரெவாங்' என்று பெயர். பெண்கள் தேங்காய் துருவுவார்கள், ஆண்கள் பந்தல் போட்டு விறகு பிளப்பார்கள். நான் விறகு பிளந்தேன். அதன் பிறகுதான் என் பெயரைச் சரியாக உச்சரிக்க ஆரம்பித்தார்கள்.

ஆகவே, உண்மையிலேயே ஆசை இருந்தால் ஒரு வீட்டுக்கு ஓர் ஆண்டுக் 'கொந்த்ராக்', அதாவது வாடகை ஒப்பந்தம், பேசுங்கள். பணம் மொத்தமாக முன்னரே கொடுப்பதுதான் வழக்கம். பத்தாயிரம் ருப்பியா முத்திரை ஒட்டிய ரசீதில் வீட்டுக்காரரும் நீங்களும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். விசா முடியும் தேதியையும் காற்று தொடங்கும் மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நீட்டிப்புக்குக் கடல் தாண்டிப் போக வேண்டியிருந்தால் பத்து நாள் முன்னதாகவே கிளம்புங்கள். நான் ஜனவரியில் நான்கு நாள் முன்னதாகக் கிளம்பப் பார்த்தேன். கப்பல் நின்று, கடைசி நாள் மதியம்தான் கரை சேர்ந்தேன். அரிசி, பருப்பு, வழக்கமாகச் சாப்பிடும் மருந்து எல்லாவற்றையும் நவம்பரிலேயே ஏற்றிவிடுங்கள்.