வெளிறிய நிறம், கடுந்துவர்ப்பு: பரோலோ ஏன் பர்கண்டியைப் போல் இல்லை?

கேள்வி: பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியில் பினோ நுவார் திராட்சையிலிருந்து தயாராகும் சிவப்பு ஒயினைச் சில ஆண்டுகளாக விரும்பி அருந்தி வருகிறேன். அண்மையில் இத்தாலியின் பரோலோ ஒரு புட்டி, 2020ஆம் ஆண்டு அறுவடையைச் சேர்ந்தது, பரிசாகக் கிடைத்தது. நிறம் பர்கண்டியைப் போலவே வெளிறியிருந்ததால் அதே மென்மையை எதிர்பார்த்தேன். ஆனால் முதல் மிடறிலேயே ஈறும் கன்னத்தின் உட்புறமும் வறண்டு இழுத்துக்கொண்டன. ஒயின் கெட்டுவிட்டதா, இதன் இயல்பே இதுதானா? பாதிப் புட்டி மீதமிருக்கிறது. அதை என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் ஒயின் கெட்டிருக்க வாய்ப்பில்லை. கெட்ட ஒயினை நாக்குக்கு முன்பே மூக்கு கண்டுகொள்ளும். கார்க்கில் கோளாறு இருந்தால் ஈரத்தில் ஊறிய அட்டைப்பெட்டியின் வாடை எழுந்து பழமணம் அமுங்கிவிடும். காற்றுப்பட்டுக் கெட்டிருந்தால் நறுக்கி வைத்துக் கறுத்துப்போன ஆப்பிளின் மணம் வரும். நீங்கள் சொல்வது துவர்ப்பை மட்டுமே. இளம் பரோலோவில் அது இருந்தே தீரும்.

உங்களை ஏமாற்றியது நிறம். சிவப்பு ஒயினுக்கு நிறம் தருபவை ஆந்தோசயனின் என்னும் நிறமிகள். துவர்ப்பைத் தருபவை டானின்கள். ஒன்றின் அளவைக் கொண்டு மற்றொன்றை ஊகிக்க முடியாது. பினோ நுவாரின் தோல் மெல்லியது. அதில் நிறமியும் குறைவு, தோலிலிருந்து இறங்கும் டானினும் குறைவு. பரோலோவுக்குரிய ஒரே திராட்சையான நெபியோலோவின் கதை வேறு. அதன் நிறமிகளில் பெரும்பங்கு எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் வகையைச் சேர்ந்தவை என்பதால், நொதிக்கும்போதே நிறம் இழக்கத் தொடங்கி, சில ஆண்டுகளில் கோப்பையின் விளிம்பில் செங்கல் நிறம் காட்டிவிடும். டானினோ அதன் தோலிலும் விதையிலும் மிகுதியாக உண்டு. அது நிறத்தோடு சேர்ந்து மறைந்துவிடுவதில்லை.

டானின் எச்சிலில் உள்ள புரதங்களோடு பிணைந்து அவற்றைத் திரளச் செய்கிறது. வாய்க்கு வழவழப்புத் தரும் படலம் அதனால் குலைகிறது. வெற்றிலையும் சுண்ணாம்பும் இன்றிக் கொட்டைப்பாக்கை மட்டும் மென்றவர்களுக்கு அந்த உணர்வு பழக்கமானதே. புளிப்பு இதற்கு நேர்மாறாக எச்சிலைச் சுரக்கச் செய்யும். ஆகவே ஒரு மிடறு விழுங்கியபின் சற்றுப் பொறுத்திருந்து, நாக்கின் அடியில் நீர் ஊறுகிறதா, ஈறு வறள்கிறதா என்று கவனித்தால், ஒயினின் கட்டமைப்பில் எது முந்தி நிற்கிறது என்பது தெரிந்துவிடும். பர்கண்டியில் புளிப்பு முன்னால் நின்று ஒயினைத் தூக்கிப் பிடிக்க, டானின் மெல்லிய பட்டுபோல் பின்னால் வரும். பரோலோவில் இரண்டுமே உச்சத்தில் இருக்கும். அதோடு புளிப்பு கூடினால் துவர்ப்பும் கூடுதலாகத் தோன்றும். சட்டப்படி 13 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹால், பெரும்பாலான பரோலோவில் 14ஐத் தொடுவதால், தொண்டையில் ஒரு வெம்மையும் சேர்ந்துகொள்கிறது. அவ்வளவு வெளிறிய நிறத்துக்குள் இத்தனை கனம் இருப்பது பழகியவர்களையும் சில சமயம் திகைக்க வைக்கும்.

தயாரிப்பு முறையும் இந்த இடைவெளியை அகலப்படுத்துகிறது. பர்கண்டியில் சாறு தோலோடு கிடப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்கள். பிறகு 228 லிட்டர் ஓக் பீப்பாயில் ஓராண்டோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கும். பரோலோவின் பழைய முறையில் ஒரு மாதமும் அதற்கு மேலும் தோலோடு ஊறவிட்டு, ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் பெரிய பீப்பாய்களில் முதிரவிடுவார்கள். விற்பனைக்கு வருமுன் 38 மாதங்கள் கழிந்திருக்க வேண்டும், அதில் 18 மாதங்கள் மரப்பீப்பாயில் என்பது விதி. 1980களில் இளைய தலைமுறையினர் சிலர் ஊறவிடும் காலத்தைக் குறைத்துச் சிறிய புதுப் பீப்பாய்களுக்கு மாறியபோது, பரோலோ விளையும் குன்றுகளில் குடும்பங்களுக்குள்ளேயே சண்டை மூண்டது. பழைய முறையை விடாத பரோலோ தயாரிப்பாளர் பர்த்தோலோ மஸ்கரெல்லோ, சிறு பீப்பாயும் வேண்டாம், அரசியல்வாதி பெர்லுஸ்கோனியும் வேண்டாம் என்று புட்டியின் முகப்பிலேயே எழுதி ஒட்டினார். அரசியலை விட்டுவிட்டால், நானும் அவர் பக்கம்தான்: இயல்பிலேயே துவர்ப்பு மிகுந்த ஒரு திராட்சைக்குப் புது மரத்தின் டானினையும் வெனிலா மணத்தையும் எதற்காகக் கூட்ட வேண்டும்?

மணத்தில் இரண்டுக்கும் உறவு உண்டு. பர்கண்டியை விரும்புபவர்கள் காலப்போக்கில் பரோலோவுக்கும் வந்துசேர்வதற்கு அதுவே காரணம். இளம் பர்கண்டியில் செர்ரியும் ராஸ்பெர்ரியும் முன்னிற்கும். வயதானபின் ஈரச் சருகும் காளானும் வரும். பரோலோவில் உலர்ந்த ரோஜா, புளிப்புச் செர்ரி, அதிமதுரம், தார் ஆகியவையும், முதிர்ந்தபின் தோல்பொருளின் மணமும் தெரியும்.

ஆனால் எல்லாப் பரோலோவும் ஒரே அளவு கடுமையானதல்ல. லா மொர்ரா ஊரைச் சேர்ந்தவை பொதுவாக மணம் மிகுந்தும் மென்மையாகவும் இருக்கும். செர்ராலுங்கா டால்பா, மொன்ஃபோர்த்தே டால்பா ஊர்களின் ஒயின்கள் இறுக்கமானவை, நெடுங்காலம் காத்திருக்கச் சொல்பவை. பர்கண்டியிலும் வோல்னே, ஷாம்போல்-மியுசினி ஆகிய ஊர்களின் மென்மைக்குப் பக்கத்திலேயே பொம்மார், ஜெவ்ரே-ஷாம்பெர்த்தான் ஊர்களின் உறுதி இருக்கிறது. நீங்கள் இதுவரை அருந்தியவை முதல் வகையாக இருந்திருந்தால், பரோலோ இன்னும் கடுமையாகவே தோன்றியிருக்கும்.

மீதமுள்ள பாதியை இறுக மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் சற்று முன்னதாகவே வெளியே எடுத்து, 16 முதல் 18 டிகிரி செல்சியஸில் அருந்திப் பாருங்கள். காற்றுப்பட்டதும் டானின் கரைந்துவிடும் என்பது மிகைக்கூற்று. மணம் விரிவதால் துவர்ப்பு பின்தள்ளப்பட்டதாகத் தோன்றும், அவ்வளவே. உணவு இதைவிட மிகுதியாக உதவும். இறைச்சி, பாலாடைக்கட்டி ஆகியவற்றின் புரதம் டானினைப் பற்றிக்கொள்வதால் உங்கள் எச்சில் தப்பிக்கிறது. பரோலோவின் தாயகமான பியமோந்தே மாநிலத்தில் மாட்டிறைச்சியைப் பரோலோவிலேயே மெல்ல வேகவைத்து அதே ஒயினோடு பரிமாறுவது வெறும் சம்பிரதாயம் அன்று. மிளகாய்க் காரம் மட்டும் வேண்டாம்: ஆல்கஹாலின் எரிச்சலும் துவர்ப்பும் அதில் கூடிவிடும். பர்கண்டியை 14 முதல் 16 டிகிரியில், வாத்து, கோழி, காளான் ஆகியவற்றோடு பரிமாறுங்கள். இரண்டையும் ஒரே வேளையில் ஒப்பிட விரும்பினால் பர்கண்டியை முதலில் ஊற்றுங்கள். பரோலோவுக்குப் பின் அது நீர்த்ததாகத் தோன்றி அநியாயமாகத் தோற்றுப்போகும்.

அடுத்து வாங்குவதற்கு நேராக இன்னொரு பரோலோவை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதே திராட்சையில், இளமையிலேயே அருந்தத் தக்கதாக வரும் லாங்கே நெபியோலோவில் தொடங்கி, 26 மாதங்களே முதிரவேண்டிய பர்பரெஸ்கோவுக்குச் சென்று, பின்னர் லா மொர்ராவின் பரோலோவுக்கு வாருங்கள். 2020ஆம் ஆண்டுப் புட்டி இன்னொன்று கிடைத்தால், 12 முதல் 14 டிகிரி குளிர்ச்சியுள்ள இருட்டான இடத்தில் படுக்கவைத்து, 2030 வரையாவது திறக்காதிருங்கள். அப்படி ஓர் இடம் வீட்டில் இல்லையென்றால் காத்திருப்பதைவிட இப்போதே, கொழுப்புள்ள ஓர் இறைச்சி உணவோடு, அருந்திவிடுவது மேல்.