அம்மாவின் இட்லித் துணி

கேள்வி: அம்மா போய் நான்கு மாதம் ஆகிறது. வாசலில் இட்லிக் கடை போட்டு எங்களை வளர்த்தவர். அவரைப் பற்றிக் கவிதை எழுத உட்கார்ந்தால் 'தியாகச் சுடர்', 'அன்புக் கடல்' என்றுதான் வருகிறது. எப்படி எழுதுவது?
– ஒரு வாசகி, வியாசர்பாடி

பதில்: சுடரையும் கடலையும் விட்டுவிடுங்கள், சகோதரி. புறநானூற்றின் 112ஆம் பாட்டைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள், மொத்தமே 5 அடிதான். அப்பா பாரியைப் பறிகொடுத்த மகள்கள் பாடியது: அன்றைக்கு அந்த நிலவில் அப்பா இருந்தார், மலையும் எங்களிடம் இருந்தது, இன்றைக்கு இந்த நிலவில் மலையை வேந்தர்கள் கொண்டுவிட்டார்கள், அப்பாவும் இல்லை. அவ்வளவுதான். அழுதோம் என்று ஒரு சொல்கூடக் கிடையாது, ஆனால் எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

அம்மா அலசிக் காயப்போட்ட இட்லித் துணி இப்போது எங்கே இருக்கிறது? கொடியிலேயேவா, மடித்து அலமாரியிலா? ஓரத்தில் மாவு காய்ந்து விறைத்திருக்குமே, அதைத் தொட்டபோது என்ன ஆனது என்று எழுதுங்கள். அப்புறம், அவரிடம் தினமும் சாப்பிட்டவர்கள் இன்று காலை எங்கே போனார்கள்? அதையும் எழுதினால் உங்கள் தெருவே கவிதைக்குள் வந்துவிடும். எழுதியதும் எங்களுக்கு அனுப்புங்கள்.