ஆறு மணிச் செய்தியும் அழகையாவும்

அன்புள்ள ஐயா,

பி.பி.சி. தொலைக்காட்சியில் ஆறு மணிச் செய்தி வாசித்த ஜோர்ஜ் அழகையா மறைந்த 2023 ஜூலை 24 அன்று நான் அலுவலகத்தில் இருந்தேன். என்னுடன் வேலை செய்யும் ஆங்கிலேயப் பெண்மணி ஒருவர் கைபேசியில் செய்தியைப் பார்த்துவிட்டுக் கண்கலங்கினார். அவர் அழகையாவை ஒருநாளும் நேரில் கண்டவரல்லர். அன்று மாலை எங்கள் உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் "பி.பி.சி.யில் இருந்த நம்மவர் போய்விட்டார்" என்று வரிசையாக அஞ்சலிகள் வந்தன. இவ்விரண்டும் ஒரே துக்கமல்ல என்று எனக்கு அப்போதே தோன்றியது.

செய்தி வாசிப்பவர் எதிரே உள்ள திரையில் ஓடும் எழுத்துகளைப் படிப்பவர்தானே, அவருக்காக ஒரு நாடே ஏன் வருந்த வேண்டும்? சின்ன வயதிலேயே கொழும்பை விட்டுப் போய், கானாவில் வளர்ந்து, ஆங்கிலத்தில் வாழ்ந்து மறைந்த ஒருவரை நம்மவர் என்று நாம் உரிமை கொண்டாடுவது நியாயமா? இரண்டாவது கேள்வியைக் கேட்டவள் என் மகள். அவளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

இப்படிக்கு,
லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் முதல் கேள்வி நம் ஊர் வழக்கத்தை வைத்துக் கேட்கப்பட்டிருக்கிறது. நம்மிடையே செய்தி வாசிப்பாளர் பெரும்பாலும் குரலுக்காகவும் உச்சரிப்புக்காகவும் தேர்ந்தெடுக்கப்பட்டவர். செய்தியைத் தேடிக்கொண்டு வருவது வேறொருவருடைய வேலை. பி.பி.சி.யின் மாலைச் செய்திக்கு வந்து அமர்பவர்களில் பலர் அதற்கு முன் களத்தில் நெடுங்காலம் அலைந்த நிருபர்கள். அழகையா 1989இல் பி.பி.சி.யில் சேர்ந்து, ஜோகன்னஸ்பர்க்கில் தங்கி ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலிருந்து செய்தி அனுப்பியவர். சோமாலியாவின் பஞ்சத்தையும் ருவாண்டாவின் படுகொலைகளையும் பற்றி எழுதியவர். 2003 ஜனவரியில் அவர் ஆறு மணிச் செய்திக்கு வந்தபோது அவருக்கு வயது 47. பஞ்சத்தைப் பற்றிய ஒரு வரி திரையில் ஓடும்போது அது எப்படிப்பட்ட இடத்திலிருந்து வருகிறது என்பதை அறிந்த ஒருவர் அதை வாசித்தார். பார்ப்பவர்களுக்கு அவருடைய வாழ்க்கைக் குறிப்பு தெரிந்திருக்க வேண்டியதில்லை; வாசிப்பிலேயே அது தெரிந்துவிடும்.

அவர் தம் ஆப்பிரிக்க அனுபவங்களைப் பற்றி எழுதிய நூலின் ஒரு பகுதி, சர்வதேச ஜி.சி.எஸ்.இ. என்ற பிரிட்டிஷ் பள்ளித் தேர்வுக்கான ஆங்கிலப் பாடத்தொகுப்பில் நெடுங்காலமாக இருக்கிறது. உங்கள் மகள் அந்தப் பாடத்திட்டத்தில் படித்திருந்தால் அதைக் கடந்துதான் வந்திருப்பாள். 1991ஆம் ஆண்டின் முடிவில் சோமாலியாவின் ஒரு கடைக்கோடிக் கிராமத்துக்கு ஒளிப்பதிவாளருடன் போகிறார். நிருபர்கள் தேடும் காட்சிகள் நாளுக்கு நாள் கொடியதாக வேண்டியிருக்கின்றன, நேற்று உலுக்கிய படம் இன்று உலுக்குவதில்லை என்பதை ஒளிக்காமல் எழுதுகிறார். அங்கே குடிசை வாசலில் நின்ற ஒரு மனிதர் அவரைப் பார்த்து மெலிதாகப் புன்னகைக்கிறார். ஒரு நொடிதான். அந்தப் புன்னகைக்கு என்ன பொருள் என்று பிறகு விசாரிக்கிறார். இந்த நிலையில் தம்மைப் பிறர் காண நேர்ந்ததற்காக அம்மனிதர் கூசியிருக்கிறார் என்று அறிந்ததும், கூசவேண்டியவர் யார் என்ற கேள்வி அழகையாவைப் பிடித்துக்கொள்கிறது. அந்த மனிதரின் பெயர் கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை. பிறர் துயரத்தைக் காட்டிப் பிழைக்கும் தொழிலில் இருக்கிறோம் என்ற உறுத்தலை இவ்வளவு வெளிப்படையாக எழுதிய தொலைக்காட்சிக்காரர்கள் குறைவு. அவர் பிற்காலத்தில் வாசித்த விதத்தின் வேர் இந்த உறுத்தலில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். குரலை உயர்த்துவதில்லை, மரணச் செய்திக்கு முகத்தைச் சுருக்குவதில்லை, துயரம் யாருடையதோ அவர்களிடமே அதை விட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போவார்.

முகம் என்பது பி.பி.சி.க்குப் பழைய கவலை. 1940இல், போர் நடந்துகொண்டிருந்தபோது, எதிரி நாட்டு வானொலி பி.பி.சி.யின் குரலில் பொய்ச்செய்தி பரப்பிவிடக்கூடும் என்ற அச்சத்தால்தான் வானொலிச் செய்தி வாசிப்பாளர்கள் தங்கள் பெயரைச் சொல்லத் தொடங்கினார்கள்; மக்களுக்குக் குரல் பழக்கமாகிவிட்டால் போலியைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது கணக்கு. தொலைக்காட்சி வந்த பிறகும் வாசிப்பவரின் முகத்தைக் காட்டத் தயங்கினார்கள். புருவம் ஏறினால்கூடச் செய்தியின் நடுநிலை போய்விடும் என்று அஞ்சினார்கள். 1955 செப்டம்பரில்தான் கென்னத் கெண்டல் முதன்முதலாக முகம் தெரிய வாசித்தார். (அதே ஆண்டு நவம்பரில் கொழும்பில் அழகையா பிறந்தார் என்பது தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை.) முகத்தை மறைக்காமலே அதை அடக்கிவைக்கும் கலையை அதன் பிறகு அங்கே சிலர் கற்றுக்கொண்டார்கள். தினமும் அதே நேரத்தில் வீட்டுக்குள் வந்து, தன்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், நடந்ததை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவரிடம் இருபது ஆண்டுகளில் வளரும் நம்பிக்கை, அடிக்கடி பேசும் உறவினரிடம்கூட வளர்வதில்லை. முகமே இல்லாமலும் இது நடக்கும் என்பதை நாம் அறிவோம். 2022 ஆகஸ்டில் மும்பையில் சரோஜ் நாராயணசுவாமி மறைந்தபோது, "ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது" என்ற அந்தக் காலைக் குரலுக்காகத் தமிழ்நாட்டில் வருந்தியவர்களில் பெரும்பாலோர் அவர் படத்தை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்திருப்பார்கள். ஆகவே உங்கள் சக ஊழியரின் கண்ணீரை நான் மிகையாக நினைக்கவில்லை.

அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 2014 ஏப்ரலில் அழகையாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய் நான்காம் கட்டத்தில் கண்டறியப்பட்டது, கல்லீரலுக்கும் பரவியிருந்தது. பல சுற்றுக் கீமோதெரப்பி, கல்லீரலின் பெரும்பகுதியை அகற்றிய அறுவைச் சிகிச்சை, 2015இல் பணிக்குத் திரும்புதல், 2017 இறுதியில் நோயும் திரும்புதல், பிறகு நுரையீரல் என்று ஒன்பது ஆண்டுகள் போயின. சிகிச்சைக்காக விலகும்போது அறிவித்துவிட்டு விலகினார். உடல் இடம் கொடுத்தபோது வந்து வாசித்தார். மக்கள் அவர் கன்னம் ஒடுங்குவதையும் மீண்டும் சற்றுத் தெளிவதையும் பிரெக்ஸிட் செய்திகளுக்கும் கொரோனாச் செய்திகளுக்கும் நடுவே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது பற்றி அந்த நாற்காலியில் அமர்ந்து அவர் முறையிட்டதில்லை. வேறு இடங்களில் பேசினார். பேசியபோதும் நிருபரைப்போலத் தகவலைத்தான் முன்வைத்தார். ஸ்கொட்லாந்தில் 50 வயதிலிருந்தும் இங்கிலாந்தில் 60 வயதிலிருந்தும் பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனை நடந்துவந்த காலம் அது. தாம் ஸ்கொட்லாந்தில் வாழ்ந்திருந்தால் 2014க்குள் தமக்குப் பரிசோதனை நடந்து நோய் முன்பே பிடிபட்டிருக்கும் என்று 2018இல் சொன்னார். அந்த வயதைக் குறைக்க வேண்டும் என்ற இயக்கத்துக்கு அவர் குரல் வலுச்சேர்த்தது. அதே ஆண்டில் இங்கிலாந்திலும் 50 ஆக்குவதாக அரசு ஒப்புக்கொண்டது. அவர் மறைந்த அன்று சக செய்தி வாசிப்பாளர் கிளைவ் மைரி நேரலையில் அவரை நேசித்தோம் என்று சொல்லும்போது முகத்தை அடக்கச் சிரமப்பட்டார். பி.பி.சி.யின் பழைய அதிகாரிகள் அஞ்சியது அதுதான். அன்று அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை.

இனி உங்கள் மகளின் கேள்வி. 1956இன் சிங்களம் மட்டும் சட்டமும் 1958இன் கலவரமும் கழிந்த சில ஆண்டுகளில், 1961இல், கொழும்பை விட்டுக் கானாவுக்குப் போன ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தின் பிள்ளை அவர். தந்தை பொறியியலாளர். அழகையா என்ற பெயரை மாற்றாமல், சுருக்காமல், பிரிட்டனின் முக்கியமான மாலைச் செய்தியில் கேட்டது 1983க்குப் பின் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் குடியேறியவர்களுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று எனக்கு ஓரளவு புரிகிறது. செய்தி வாசிப்பாளர்களான ட்ரெவர் மெக்டொனால்டும் மொய்ரா ஸ்டூவர்ட்டும் கறுப்பினத்தவருக்கு முன்பே செய்து கொடுத்ததை அவர் நமக்குச் செய்தார். அந்த மகிழ்ச்சியில் தவறு எதுவும் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் அழுதவர்களைக் கேலி செய்யவும் நான் தயாரில்லை.

ஆனால் அவர் நமக்கென்று எதையும் தனியாகத் தரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். 2009 ஏப்ரல், மே மாதங்களில் லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் நின்றார்கள். முள்ளிவாய்க்கால் செய்திகள் வந்துகொண்டிருந்தன. ஆறு மணிக்கு அவர் முகத்தில் நமக்கான ஒரு சிறு அடையாளத்தை, ஒரு கணத் தயக்கத்தையாவது, நம்மில் பலர் தேடியிருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். அதைக் காட்டுவது அவர் வேலையல்ல. ஒரு பக்கம் அதைக் காட்டியிருந்தால், மறுநாள் ஈராக்கைப் பற்றியோ காசாவைப் பற்றியோ அவர் வாசிப்பதை உங்கள் சக ஊழியர் அதே நம்பிக்கையோடு கேட்டிருக்கமாட்டார். சுனாமிக்குப் பின் இலங்கையிலிருந்து செய்தி வழங்கியபோதும் அவர் ஊருக்குத் திரும்பிய பிள்ளையாக மட்டும் நிற்கவில்லை. நம்மவர் என்று சொல்லும்போது, நமக்காகப் பேசியவர் என்ற பொருளை அதில் ஏற்றிவிடுகிறோம். அது மட்டும் அவருக்குச் செய்யும் அநியாயம். உங்கள் மகளிடம், அவர் நம் வீட்டில் பிறந்து அவர்களுடைய வீட்டில் ஒவ்வொரு மாலையும் இருந்தவர், அதனால் இரண்டு துக்கங்களும் உண்மையானவை, அவர்களுடையது சற்றுப் பெரியது என்று சொல்லலாம். அவள் ஒத்துக்கொள்ளாவிட்டால் எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் வயதை நீங்கள் குறிப்பிடவில்லை. 50 தாண்டியிருந்தால் அந்தப் பரிசோதனைப் பொதி தபாலில் வீட்டுக்கு வந்திருக்கும். பலரும் செய்வதுபோல அதைக் குளியலறை அலமாரியில் ஒதுக்கி வைத்திருந்தால், இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்.