கேள்வி – பதில்: உடைந்த சிஎஃப்எல், கழற்றிய டியூப்லைட்

கே: சமையலறையில் சிஎஃப்எல் பல்ப் கைதவறி உடைந்தது. பெருக்கித் தொட்டியில் போட்டுவிட்டேன். ஆபத்தா?
– வாசகி, அம்மாபேட்டை, சேலம்

ப: பதற வேண்டாம். ஒரு சிஎஃப்எல்லில் இருப்பது 4, 5 மில்லிகிராம் பாதரசம். பழைய தெர்மாமீட்டரில் அரை கிராம் அளவு இருக்கும். ஆனால் பெருக்கியிருக்கக் கூடாது. குழாயின் உட்புற வெள்ளைத்தூளில்தான் பாதரசம் ஒட்டியிருக்கும். துடைப்பம் பட்டால் அது காற்றில் கிளம்பும். துடைப்பத்தோடு அடுத்த அறைக்கும் போகும். வேக்குவம் கிளீனர் இன்னும் மோசம்.

இனி உடைந்தால் ஃபேனையும் ஏசியையும் அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, குழந்தைகளோடு வெளியே வந்துவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துக் கையுறை போட்டு, கல்யாணப் பத்திரிகை மாதிரி தடித்த அட்டை இரண்டால் சில்லுகளை அள்ளுங்கள். மிச்சத் தூளை செலோடேப்பால் ஒற்றி எடுத்து, ஈரக் காகிதத்தால் துடையுங்கள். அட்டை, டேப், காகிதம் எல்லாம் இறுக்கமான மூடியுள்ள ஊறுகாய் பாட்டிலுக்குள் போகட்டும். பிளாஸ்டிக் பை பாதரச ஆவியைச் சரியாகத் தடுக்காது. சில்லும் தூளும் படுக்கை விரிப்பில் கொட்டியிருந்தால் துவைக்காதீர்கள், வாஷிங் மெஷினும் கெடும், சாக்கடைக்கும் போகும். விரிப்பை இழப்பதே மேல்.

கே: விசைத்தறிக் கூடத்தை எல்இடிக்கு மாற்றினோம். பழைய டியூப்லைட்களைக் காயலான் கடைக்காரர் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், கொண்டலாம்பட்டி

ப: பட்டியையும் சோக்கையும் தாராளமாகக் கொடுங்கள், சோக்கின் செம்புக்கம்பிக்கு நல்ல விலை உண்டு. குழலைக் கொடுக்காதீர்கள். அவருக்கு வேண்டியது இரு முனையிலும் உள்ள அலுமினிய மூடிதான். அதற்காகக் குழலை அடித்து உடைப்பார். ஆவியை முதலில் சுவாசிப்பவரும் அவரே. மறுசுழற்சி ஆலையில் ஆவி வெளியே கசியாத மூடிய இயந்திரத்தில் உடைத்து, தூளைத் தனியே சூடாக்கிப் பாதரசத்தை வடித்தெடுப்பார்கள். கண்ணாடியும் அலுமினியமும் தனித்தனியே பிரிந்துவிடும்.

அதுவரை குழல் முழுதாக இருக்க வேண்டும். மெல்லிய குழல் என்றால் புது எல்இடி டியூப் வந்த அட்டைப்பெட்டியே பொருந்தும். மூலையில் சாய்த்து வைத்தால் சரிந்து விழும், படுக்கவைத்து அடுக்குங்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். 2022-ஆம் ஆண்டு மின்கழிவு விதிகளில் பாதரச விளக்குகளும் அடக்கம். ஆகவே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்கலாம். ஒன்றிரண்டு என்றால் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் கேட்டு, தூய்மைப் பணியாளரிடம் 'டியூப்லைட்' என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள்.

கே: ஏற்காட்டில் தோட்டத்துக் குப்பையைக் குழியில் எரிக்கிறோம். பல்பும் அதிலேயே போகலாமா?
– வாசகர், ஏற்காடு

ப: கூடவே கூடாது. நெருப்பில் பாதரசம் மொத்தமாக ஆவியாகிவிடும். புதைத்தாலும் மழைநீரோடு ஓடைக்குப் போய், மீனில் சேரும். குண்டு பல்பிலும் எல்இடியிலும் பாதரசம் இல்லை. ஆனால் எல்இடிக்குள் சர்க்யூட் போர்டு இருப்பதால் அதுவும் மின்கழிவே. தூக்கிப் போடுமுன் மேல்மூடியைக் கழற்றிப் பாருங்கள் (ஹோல்டரில் மாட்டியபடி அல்ல). சிப்புகளில் ஒன்றில் கரும்புள்ளி தெரிந்தால் அதுதான் போயிருக்கும். வரிசையாக இணைத்திருப்பதால் ஒன்று போனாலும் மொத்தமும் அணையும், ரிப்பேர்க்காரர் சரிசெய்துவிடுவார்.