ஸ்பைரோமெட்ரி நார்மல், ஆனாலும் வீசிங்: ஆஸ்துமாவா, இல்லையா?

வயது 38, ஈரோட்டில் நூல் மில்லில் வேலை என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஆறு மாதமாக விடியற்காலையில் இருமல், நெஞ்சு இறுக்கம், சில நாள் வீசிங். பகலில் எடுத்த ஸ்பைரோமெட்ரி (கருவியில் ஊதி மூச்சின் அளவைப் பார்க்கும் டெஸ்ட்) நார்மல். டாக்டரோ ஆஸ்துமாவாக இருக்கலாம் என்கிறார். எதை நம்புவது?

டாக்டர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் எந்நேரமும் சுருங்கியே இருப்பதில்லை. விடியற்காலையில் சுருங்கியது பத்து மணிக்குள் விரிந்துவிடலாம். 'நார்மல்' என்றால் நீங்கள் ஊதிய அந்த நேரத்தில் அடைப்பு இல்லை, அவ்வளவுதான்.

முதலில் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். மருந்துக்கு முன், மருந்துக்குப் பின் என இரண்டு அளவுகளும் இருக்கின்றனவா? மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புட்டமால் மருந்தைக் கொடுத்து 10–15 நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்ல வேண்டும். முதல் ஒரு நொடியில் வெளியேறும் காற்றின் அளவு 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால் ஆஸ்துமாவுக்கு வலுவான ஆதாரம். இந்தப் பாதியை விட்டுவிட்டால் டெஸ்ட் முழுமையாகாது. ஊதப் போகுமுன் இன்ஹேலர் எடுத்திருந்தாலும் முடிவு மறைந்துபோகும். சால்புட்டமாலை 4 மணி நேரம், நீண்ட நேரம் வேலை செய்யும் வகைகளை 24 மணி நேரமோ அதற்கு மேலோ நிறுத்தச் சொல்வார்கள். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். மூச்சு முட்டினால் தயங்காமல் எடுங்கள்.

உங்கள் விஷயத்தில் எனக்கு அதிக நம்பிக்கை பீக் ஃப்ளோ மீட்டர் மேல்தான். ஊதும் வேகத்தை அளக்கும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சின்னக் கருவி. தொந்தரவு வரும் நேரத்திலேயே அளக்கலாம். முள்ளைக் கீழே இறக்கி, நின்றபடி மூச்சை நிறைய இழுத்து, உதட்டை இறுக்கி, ஒரே மூச்சில் முடிந்தவரை வேகமாக ஊதுங்கள். மூன்று முறை ஊதி, அதிகமானதைக் குறித்துவையுங்கள். எழுந்தவுடன் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை, இரண்டு வாரத்துக்கு. காலையில் 320, இரவில் 400 என்றால் வித்தியாசம் 80. சராசரியான 360-ல் அது 22 சதவீதம். இப்படி ஒவ்வொரு நாளும் கணக்கிட்டு, அவற்றின் சராசரி 10 சதவீதத்தைத் தாண்டினால் பெரியவர்களில் அது ஆஸ்துமாவுக்கு ஆதாரம்.

அதிலும் தெளிவாகவில்லை என்றால் மெத்தகோலின் டெஸ்ட் இருக்கிறது. மூச்சுக்குழாயைச் சுருக்கும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஊதும் அளவு 20 சதவீதம் குறைகிறதா என்று பார்ப்பார்கள். வசதியுள்ள மருத்துவமனையில், டாக்டர் கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும். எக்ஸ்ரேவில் ஆஸ்துமா தெரியாது. ஆனாலும் ஆறு மாத இருமல் என்பதால் எக்ஸ்ரேவும் சளிப் பரிசோதனையும் அவசியம். காசநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

அப்புறம், பீக் ஃப்ளோ நோட்டில் வேலை நாள் எது, லீவு நாள் எது என்றும் எழுதுங்கள். லீவில் அளவு ஏறி, மில்லுக்குப் போனதும் இறங்கினால், தூசியே காரணமாக இருக்கலாம். அந்த நோட்டை அப்படியே டாக்டரிடம் காட்டுங்கள்.